உன் அம்மா எடுத்த நண்டு நெபுலா

விளாங்குடி,
தை 9

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பனியில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், அதனால்தான் கடிதம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம், அந்த நண்டு நெபுலாவைக் கொல்லையில் டெலஸ்கோப் வைத்து மூன்று வருஷமாகப் படமெடுக்கப் பார்க்கிறேன் அல்லவா, எனக்கு வந்ததெல்லாம் திருநீறு தடவின மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல்தான். போன வாரம் நான் பேரையூருக்குக் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தபோது தெருவில் கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டில் உன் அம்மா என் டெலஸ்கோப்பைத் தூக்கி வைத்து, இருநூறு படம் எடுத்து, கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியிருக்கிறாள். எப்போது கற்றாளோ! காலையில் காட்டினாள். சிவப்பு நூல் நூலாக அப்படியே நிற்கிறது. எனக்கு வயிறு எரிந்தது மகளே, பொய் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறதென்றுகூடச் சொல்லாமல், என் பெயரைப் போட்டு வானம் பார்க்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டேன்.

ஒரே பாராட்டு. குழுவை நடத்துகிற வீரணன், "அண்ணே, ஒரு படத்துக்கு எம்புட்டு நேரம் கேமராவத் தெறந்து வச்சீங்க?" என்று கேட்டுவிட்டான். எனக்கு எங்கே தெரியும்? பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா நிமிராமலே, "முப்பது செகண்டுன்னு போடுங்க" என்றாள். நான் அனுப்பியதைக் குழுவில் அவளும் பார்த்திருக்கிறாள். "ஒங்க பேருலயே இருந்துட்டுப் போகட்டும்ங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கே, எடுத்தது என் மனைவி சுபலட்சுமி, நான் சொன்னது பொய் என்று குழுவில் எழுதினேன். இப்போது வீரணன் சந்தேகமெல்லாம் 'அக்கா, அக்கா' என்று உன் அம்மாவிடம்தான் கேட்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அதுவும் எரிகிறது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய், படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறதென்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். "இதச் சொல்ல ஒரு வாரமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அம்மாவுக்குப் போன் போட்டு எப்படி எடுத்தாள் என்று முழுசாகக் கேள், அவளுக்குச் சொல்ல ஆசை. இங்கே காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அப்போது நான் கடைக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லகாமன்