பிரிஞ்சாங் வீட்டுப் பியானோ வகுப்பு

இன்று காலை சுருதி சேர்க்க ஈப்போ டவுனிலிருந்து இந்த மலைக்கு வந்தவர் பியானோவின் முன்பலகையைக் கழற்றினார். அந்துருண்டை வாசம் கூடத்தை நிறைத்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நீ போட்டுவந்தது. நீ போய் இத்தனை வருஷமாகியும் நான் அதை விடவில்லை.

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பியானோ அது. என் காய்கறி லோரியில் கட்டிக் கொண்டுவந்தோம். முன்னால் உட்காரச் சொன்னால் கேட்காமல், வழி நெடுக அதைப் பிடித்தபடி பின்னாலேயே நின்று வந்தாய். கான்வென்ட்டில் படித்த இசை நம் கல்யாணத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தவள் நீ.

ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து உன்னிடம் பியானோ படிக்கப் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் அவர்கள் எதில் பழகுவார்கள் என்று யோசித்து, தேயிலைப் பெட்டிப் பலகைகளில் என்னைக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் வரையச் சொன்னாய். பலகையில் சத்தம் வராது. விரல் ஓட ஓட, வாயால் பாட வேண்டும். தாளத்துக்கு என் கூடைகளிலிருந்தே பெயர் எடுத்தாய். கீரைக்கு இரண்டு தட்டு, தக்காளிக்கு மூன்று, முட்டைக்கோசுக்கு நான்கு. லோரியில் சரக்கு ஏற்றும்போது நானும் தட்ட ஆரம்பித்தேன். நீ ஜன்னலில் நின்று சிரிப்பாய்.

வயிற்று வலியைப் பல மாதம் மறைத்துவிட்டாய். தெரிந்ததும் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

“பிள்ளைங்களுக்குப் பியானோ பரீட்சை முடியட்டும்லா. பாதியில விட்டுட்டு வர முடியுமா?” என்றாய்.

பிள்ளைகள் எல்லாரும் தேறினார்கள். உனக்குக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பலகை கொண்டுவரச் சொன்னாய். அதை மடியில் வைத்து விரல்களை ஓடவிட்டாய். பாடக் குரல் எழவில்லை. என்னைப் பாடச் சொன்னாய். எனக்கு என்ன பாட்டுத் தெரியும்? தக்காளி, கீரை என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“ஓடாதீங்க. மெதுவா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல,” என்றாய், கண்ணை மூடியபடி.

மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

கருமாதி முடிந்து வந்த ஞாயிறு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். யாரோ தட்டினார்கள். வெளியே தூறலில் பிள்ளைகள். கோலா தெர்லாவிலிருந்து வரும் செல்வி, அவர்களில் மூத்தவள், முன்னால் நின்றாள்.

“டீச்சர் இல்லன்னு தெரியும் அங்கிள். வீட்டுல இருக்க முடியல. சும்மா உக்காந்துட்டுப் போறோம்.”

யாரும் பியானோவைத் தொடவில்லை. வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுடுகாட்டில் வராத அழுகை எனக்கு அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்தது.

இப்போது செல்விதான் வகுப்பு நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லோரி எடுப்பதில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அவள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். இருந்தாலும், ஏதாவதொரு பிள்ளை தப்பாக வாசித்துவிட்டால், முன்போல அடுக்களையிலிருந்து நீ குரல் கொடுப்பாய் என்று என் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.