என் பேர்ல எழுதின ஸ்கேன் சீட்டு

அன்பு மருமகனே,

போனையும் எடுக்க மாட்டேங்குற, அதான் எழுதுறேன். வெக்கப்பட்டு ஸ்கேன் சீட்டுல என் பேரை எழுதிக் குடுத்துட்டு, டீ குடிச்சிட்டு வர்றேன்னு நழுவிட்ட. நர்சம்மா என்னை உள்ள கூப்பிட்டு, மாரைப் படம் எடுக்கணும், ரவிக்கையைக் கழட்டுங்கன்னுட்டா. கட்டி எனக்கில்ல, எங்கண்ணன் மகனுக்குன்னு சொல்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு. சாமி சத்தியமா அவ சிரிக்கல. ஆம்பளைங்களும் வர்றாங்கம்மா, அனுப்பி வைங்கன்னா.

டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னது மறந்துபோச்சா? ரெண்டு பக்கமும் மெத்துனு வீங்கினா அவ்வளவா பயமில்ல, உனக்கு ஒரு பக்கம் மட்டும் கல்லாட்டம் இருக்குன்னாரே. அதுக்கு மேல எழுத எனக்குக் கை வரல. நானும் நாள் தவறாம சாமிகிட்ட அழுறேன். சாமி வந்து படம் எடுக்குமாடா?

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உன் பேர்லயே எழுதிட்டு வந்திருக்கேன். பொம்பளைங்க வரிசைதான். பக்கத்துல நான் உக்காந்திருக்கேன், பாக்குறவங்க எனக்குத்தான்னு நினைச்சுக்கட்டும். உள்ள மட்டும் நீ போ.

இப்படிக்கு,
உன்னைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போன
அத்தை