அண்ணன் பெயர் வரவேண்டிய பகுதி

செப்டம்பர் 2

எங்கள் ஆஸ்பத்திரியின் இந்த மாதப் பணியாளர் செய்தி இதழைக் காலையில் எல்லாப் பிரிவுகளிலும் ஒட்டியாயிற்று. நான்கே பக்கம். புதிதாகச் சேர்ந்தவர்கள், பதவி உயர்வு, இடமாறுதல், பணி நிறைவு, கடைசியில் இரங்கல். பத்து மணிக்குள் சலவைப் பிரிவிலிருந்து போன், இடமாறுதலில் ஒரு பெயர் தப்பாம். அடுத்து சமையல் கூடத்திலிருந்து இன்னொன்று. அச்சுக்குப் போவதற்கு முன் படித்துப் பாருங்கள் என்று கெஞ்சினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒட்டிய பிறகு எல்லாருக்கும் கண் தெரிந்துவிடுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடிக்குப் போய், அங்கே நோயாளியாகப் படுத்திருக்கும் அண்ணனிடம் ஒரு பிரதி கொடுத்தேன். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தான். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த நாட்களிலும் இப்படித்தான், போனவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தவர்களைப் பார்ப்பான். இன்று படித்து முடித்து, தாளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் நான் எந்தப் பகுதியில வரப்போறேன்?" என்று கேட்டான்.

"என்ன கேள்வி இது? முப்பதாம் தேதி உனக்கு ரிடையர்மென்ட். பணி நிறைவுலதான்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

நான் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தேன். அவனிடம் பொய் சொல்ல முடியாது. அவனுடைய நுரையீரல் படத்தை டாக்டர் பார்ப்பதற்கு முன்பே பார்த்தவன் அவன்தான். அன்று பிரிவைப் பூட்டிவிட்டு என் மேசைக்கு வந்து, "டீ குடிக்கலாம் வா" என்று மட்டும் சொன்னான்.

"எனக்கு மட்டும் இரங்கல் போட்டுடாதே" என்றான். "அப்பாவும் வேலையில இருக்கும்போதே போனார். சித்தப்பாவும் அப்படித்தான். நம்ம வீட்ல ஒருத்தனாவது வேலையை முழுசா முடிச்சிட்டு வெளியே வந்தான்னு இருக்கட்டும்."

சரி என்றேன். என் கையிலா இருக்கிறது?

செப்டம்பர் 5

மேலாளர் வந்து என் மேசை அருகே நின்றார். எதிலும் முத்திரை குத்தினால்தான் நம்புவார் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு முத்திரை என்றுதான் பெயர். கையில் கோப்பு எதுவும் இல்லாமல் அவர் வந்தாலே எனக்குப் பயம்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அடுத்த இதழுக்கு எதுக்கும் ரெண்டு விதமாவும் எழுதி வெச்சுக்குங்க."

"ரெண்டு விதம்னா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். நானே இதை மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன். யாராவது தீவிரமாகப் படுத்துவிட்டால், கடைசி நேரத்தில் ஓடவேண்டாம் என்று இரங்கல் வரிகளை முன்கூட்டியே எழுதி வைப்பது இங்கே நடைமுறை. மருந்தகத்துக்காரருக்கு எழுதினேன், வண்டி ஓட்டுநருக்கு எழுதினேன். அப்போதெல்லாம் உறுத்தவே இல்லை.

"ஒரு விதம்தான் எழுதுவேன்" என்றேன். "இன்னொண்ணு வேணும்னா நீங்களே எழுதிக்குங்க."

வயிறு எரிகிறது. அவர் நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 6

அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

இன்று கொஞ்சம் தெம்பாக இருந்தான். என்னைக் கேலி செய்யும் அளவுக்குத் தெம்பு. காலையில் ரத்த தானத்துக்கு நான் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதைக் கேட்டானாம். "ரயில் வருது, தள்ளி நில்லுன்னு சொல்ற மாதிரியே இருக்கு. இந்தக் குரலைக் கேட்டு எவன் ரத்தம் குடுக்க வருவான்?" பெரிய சிஸ்டர் சிரித்துவிட்டார். மூன்றாம் மாடிக்கே பொறுப்பாளர், யாருக்கும் பல்லைக் காட்டாதவர்.

அப்புறம் அவன் முப்பதாம் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். இங்கே ஓய்வு பெறுகிறவருக்கு மாலை மூன்று மணிக்கு நான் மைக்கில் பெயரையும் பிரிவையும் படிப்பேன். அந்நேரம் கையில் வேலை இல்லாதவர்கள் எல்லாம் கீழ்த்தளத்து நடையில் இரண்டு பக்கமும் வந்து நிற்பார்கள். அவர் தன் பிரிவிலிருந்து வாசல் வரை நடுவே நடந்து போவார். சாவை மட்டும் மைக்கில் சொல்வதே இல்லை, நோயாளிகள் காதில் விழக்கூடாது. அதற்குக் கறுப்புக் கட்டம் போட்ட சீட்டு ஒன்றைப் பணியாளர் பலகையில் ஒட்டுவதோடு சரி.

"சக்கர நாற்காலி எல்லாம் வேணாம். நான் நடந்துதான் போவேன்" என்றான்.

"முதல்ல பாத்ரூம் வரைக்கும் நடங்க. அப்புறம் வாசலைப் பத்திப் பேசலாம்" என்றார் அண்ணி. அவனும் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 15

நேற்றிலிருந்து நுரையீரலில் நீர். குழாய் போட்டு எடுத்தார்கள். டாக்டர் அண்ணியை நடைக்குக் கூப்பிட்டு, ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி என்னிடம் அதைச் சொன்னபோது கையில் ஃபிளாஸ்க்கைப் பிடித்திருந்தார், கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

பத்து நாளா? பத்து நாள் எப்படிப் போதும்?

எனக்கு ஒரு யோசனை வந்தது. நேராகக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனேன். மைக் அறிவிப்பை மட்டும் முன்னாடியே வைத்துக்கொள்ளலாமா, ஓய்வு ஆணை அதன் தேதிக்கே இருக்கட்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாளைக்கே வெச்சுக்குங்க. எல்லாரையும் நான் வரச் சொல்றேன்" என்றார். படி ஏறி ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை.

நான் சொன்னதை அண்ணன் கேட்டான். முகம் அப்படியே மாறிவிட்டது.

"யாரைக் கேட்டுப் போய்ப் பேசின?"

"உனக்காகத்தான் அண்ணா—"

"முப்பதுன்னா முப்பது. அதுக்கு முன்னாடி நீ மைக்ல படிச்சா என்ன அர்த்தம்? இவன் தேறமாட்டான்னு ஆஸ்பத்திரிக்கே நீ சொல்றேன்னு அர்த்தம். ஊர் சொல்லட்டும். நீ சொல்லாதே."

ஐயோ, நான் அதை நினைக்கவே இல்லையே. அவனை ஜெயிக்க வைக்கணும்னுதான் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துப்புரவு செய்கிற அம்மா ஈரத்தில் உட்காராதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 16

இன்னும் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். முறைக்கத் தெம்பு இருக்கிறதே, போதும்.

செப்டம்பர் 20

பேசிவிட்டான். நான் போனதும், "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கே, படி" என்றான். படித்தேன். முதல் வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினான்.

"'அரும்பணி', 'தன்னலமற்ற', இதெல்லாம் யாரு? எனக்கு அவனைத் தெரியாது. பேரு, பிரிவு, எத்தனை வருஷம். அவ்வளவு போதும்."

"ரொம்ப மொட்டையா இருக்குமே."

"மொட்டையாவே இருக்கட்டும். எனக்கும் முடி இல்லையே."

செப்டம்பர் 24

முகத்தில் மூச்சுக் கருவி. பேச்சு குறைந்துவிட்டது. எக்ஸ்ரே பிரிவிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவன் சொன்ன வார்த்தையை அவர்களே அவனுக்குச் சொல்லிக் காட்டினார்கள்: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க..." அவன் கண்ணை மூடிச் சிரித்தான். வெளியே வந்ததும் அவர்களில் பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

டாக்டர் சொன்ன கெடு முடியப்போகிறது.

செப்டம்பர் 27

கண் விழிக்கும் போதெல்லாம் என்ன தேதி என்றுதான் கேட்கிறான். இன்று எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. முப்பது என்று சொல்லிவிட்டால் என்ன? இந்த அறை ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கிற மாதிரிப் படித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவன் நிம்மதியாகப் போவான் இல்லையா?

அண்ணியிடம் கேட்டே விட்டேன். "இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. கடைசியில நாம சொல்லணுமா?" என்றார்.

"இருபத்தேழு அண்ணா" என்று சொன்னேன். சரி என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

செப்டம்பர் 29

பிழைத்திரு அண்ணா. இன்னும் ஒரே நாள்.

செப்டம்பர் 30

காலையில் போனதும் முதலில் அவன் மார்பைத்தான் பார்த்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு நான் அவன் பக்கத்தில் இருக்க முடியவில்லை, அதுதான் கொடுமை. மைக் இருப்பது கீழே. பெரிய சிஸ்டர் மூன்றாம் மாடி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அவன் கட்டிலையே அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கீழ்த்தளத்தில் நிற்கவேண்டியவர்கள் எல்லாம் படி ஏறி மூன்றாம் மாடி நடையில் போய் நின்றிருக்கிறார்கள். ஆய்வகம், சலவை, சமையல் கூடம், ரத்த வங்கி. கண்காணிப்பாளர் அம்மாவும். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். நான் அந்தச் சின்ன அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பெயரைப் படித்தேன். பிரிவைப் படித்தேன். வருடங்களைப் படித்தேன். இன்று பணி நிறைவு செய்கிறார் என்று படித்தேன். குரல் உடையவில்லை. விசையை அணைத்த பிறகுதான் உடைந்தது.

மேலே போனபோது கட்டிலை நடையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தள்ளிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாரும் கைதட்டிக்கொண்டே நின்றார்களாம். அடையாள அட்டையைத் திருப்பி வாங்க முத்திரை வந்தார், விதி அப்படி. அண்ணன் தலையணைக்குக் கீழேயிருந்து அதைத் தானே எடுத்து நீட்டினான். அவ்வளவு பெருமை அந்த முகத்தில், சம்பள உயர்வு கிடைத்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

என்னைக் கிட்டே கூப்பிட்டான். கருவியைக் கொஞ்சம் விலக்கி, "ரயில் சரியான நேரத்துக்கு வந்திடுச்சு" என்றான்.

அக்டோபர் 1

முத்திரை வந்து, இது பணியாளர்களுக்கு ஒதுக்கிய அறை, நேற்றோடு... என்று ஆரம்பித்தார். பெரிய சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கட்டிலுக்குச் சக்கரம் ரிப்பேர். நகராது. போய் எழுதிக்குங்க." நேற்று நடை முழுக்க உருண்ட கட்டில் அது. முத்திரையும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். "நான் இப்ப வெளியாள்" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

அக்டோபர் 3

அண்ணன் போய்விட்டான். விடிந்து கொஞ்ச நேரத்தில். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தேன்.

அக்டோபர் 5

நேற்று அடக்கம். பணியில் இருக்கும்போது இறந்தால் பணியாளர்களுக்கு அரை நாள் அனுமதி உண்டு. ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. ஆனாலும் வந்தார்கள். முறை மாற்றிக்கொண்டு, சீருடையிலேயே, பாதி பேர் வந்து நின்றுவிட்டு ஓடினார்கள், அவர்கள் போனதும் மீதி பேர் வந்தார்கள். முத்திரை எல்லாருக்கும் பின்னால் நின்றார். அண்ணி அழவில்லை. வீட்டுக்கு வந்து அவனுடைய செருப்பை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார், அப்போதுதான் அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். மனசு ஆறவே மாட்டேங்குது. ஜெயிச்சிட்டான், எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன?

அக்டோபர் 7

வேலைக்குப் போய்விட்டேன். தாமதமாகிவிட்ட இதழ் இன்றாவது அச்சுக்குப் போகவேண்டும், வேறு யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது.

காலையில் பணியாளர் பலகையைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. கறுப்புக் கட்டச் சீட்டு எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்தேதான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன்? முகம்கூடத் தெரியாத ஆட்களுக்கெல்லாம் நல்ல வார்த்தை தேடித் தேடிப் போட்டேன். என் அண்ணனுக்கு ஒரு வரி கிடையாது.

முத்திரை மேசை அருகே வந்தார். இந்தத் தடவையும் கையில் கோப்பு இல்லை.

"அக்கா, இரங்கல்ல அண்ணனைப் போட்டுடுங்க."

"பணியில இருக்கறவங்களுக்கு மட்டும்தானே? உங்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"தெரியும். மேல கேட்டா நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க." கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

எழுதத்தான் ஆசை. அவர் போன பிறகு எழுதியே விட்டேன் மனதுக்குள். அவனுக்குப் பிடிக்காத சொற்கள் அத்தனையும் வந்து நின்றன. அரும்பணி. தன்னலமற்ற. அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தவன், எனக்கு இந்த வேலையில் சேர வழி காட்டியவன், என் குரலைக் கேலி செய்ய இனி ஆள் இல்லை. எல்லாம் வந்தது. கை விசைப்பலகை மேல் அப்படியே இருந்தது.

பிறகு மற்ற பகுதிகளை முடித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். இடமாறுதல் ஒன்று. பணி நிறைவில் அண்ணன் பெயர், எக்ஸ்ரே பிரிவு, வருடங்கள். மொட்டையாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே இரங்கல். அந்தப் பகுதியைக் காலியாக விடுவதில்லை. பணியாளர் யாரும் இறக்காத மாதத்தில் ஒரே ஒரு சொல் போடுவது வழக்கம்.

'இல்லை' என்று அடித்து, அச்சுக்கு அனுப்பினேன்.