நீங்கள் வால்வைப் பூட்டிய குளிர்காலம்

அத்தான்,

இன்று காலை முன்னறை ரேடியேட்டர் பாதிதான் சூடாகியது. உள்ளே சிக்கியிருந்த காற்றைத் திறந்துவிட்டேன். காற்று சீறி முடிந்ததும் பழந்துணியில் கறுப்பாகச் சில சொட்டுத் தண்ணீர் விழுந்தது. துருவும் எண்ணெயும் கலந்த வாசனை. ஆண்டுக்கணக்காகக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த தண்ணீரின் வாசனை அது. துணியைக் கழுவப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

எண்பதுகளின் கடைசியில், நெருப்பு வந்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்களைக் கட்டடங்களுக்குப் பொருத்தும் கொம்பனி ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நீங்கள் அந்தப் பழைய ஸ்டோரை வாங்கியபோது, இன்சூரன்ஸ்காரர் ஸ்பிரிங்ளர் வேண்டும் என்றார்கள். எனக்காகவே வேலையை எங்கள் கொம்பனிக்குக் கொடுத்தீர்கள். கீழே அரிசியும் பருப்பும் செத்தல் மிளகாயும் மூட்டை மூட்டையாக. மேல்தட்டில் தையல் மெஷின்கள். இரண்டு தட்டிலும் கூரையின் கீழே சிவப்புக் குழாய்களை நான்தான் ஓட்டினேன்.

வேலை முடிந்து ஒப்படைத்த அன்று, கட்டடச் சொந்தக்காரருக்குச் சொல்லவேண்டிய பராமரிப்பு விதிகளை உங்களுக்கும் சொன்னேன். கிழமைக்கு ஒருதடவை அபாய மணியை அடித்துப் பார்க்க வேண்டும். பிரதான வால்வு எப்போதும் திறந்தபடியே கட்டிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கக் கூடாது. குழாய் உறையாதபடி குளிர்காலத்தில் சூடு போட வேண்டும். எந்தக் காரணத்துக்காகத் தண்ணீரை நிறுத்தினாலும் எங்களுக்கும் இன்சூரன்ஸுக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

"மனிசியின்ர தம்பியிட்டைச் சட்டம் கேக்கவேண்டிக் கிடக்கு" என்று சிரித்தீர்கள். அக்காவும் சிரித்தா. எனக்கும் அன்று அது பகிடியாகத்தான் பட்டது.

அடுத்த தை மாதக் குளிரில், பராமரிப்புப் பார்வைக்கு வந்தேன். தண்ணீர் ஓடி மணியை அடிக்கவைக்கும் சோதனைக் குழாயைத் திறந்தேன். மணி அடிக்கவில்லை. அழுத்தமானியின் முள் சுழியத்தில் படுத்திருந்தது. வால்வு அறைக்குப் போனால், நான் கட்டிய தோல்பட்டி அறுக்கப்பட்டிருந்தது. வால்வு மூடியபடி, புதுப் பூட்டொன்று அதில் தொங்கியது. கட்டடம் முழுவதும் என் குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலைக்கு மேலே தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

மேலே ஏறிப் பார்த்தேன். குளிர் தாங்காமல் பெண்கள் மண்ணெண்ணெய் அடுப்புகளைத் துணிச் சுருள்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். பின்படிக் கதவை மூட்டைகள் மறித்துக் கிடந்தன. அக்கா கடைசி மூலையில், தன் மேசையில் பில்களுக்குள் தலையைக் குனிந்தபடி இருந்தா.

கீழே வந்தபோது நீங்கள் வால்வு அறை வாசலில் நின்றீர்கள்.

"ஏன் அத்தான் பூட்டினனீங்கள்?"

"குழாய் உறைஞ்சு வெடிச்சது. ஒரு அடுக்கு மிளகாயும் நாசம். உன்ர தண்ணியாலை எனக்கு வந்த நட்டம் அது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. ஒரு நாள் வேலை."

"சொன்னால் நீ உன்ர கொம்பனிக்குச் சொல்லுவாய். அவன் இன்சூரன்ஸுக்குச் சொல்லுவான்."

"அது விதி அத்தான். மேலை ஆக்கள் இருக்கினம். நெருப்புக் கிருப்பு வந்தால்..."

அப்போதுதான் உங்கள் முகம் மாறியது. "நெருப்பைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதை. எண்பத்திமூண்டுக் கலவரத்திலை கொழும்பிலை என்ர கடை எரியேக்கை நான் ரோட்டுக்கு அங்காலை நிண்டு பாத்தனான். அது ஆக்கள் வைச்ச நெருப்பு. கூரையிலை குழாய் இருந்திருந்தால், குழாயை உடைச்சுப்போட்டு வைச்சிருப்பாங்கள்."

அது உண்மைதான். ஆனால் மேலே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பூட்டின்ர திறப்பைத் தாங்கோ. குழாயை இண்டைக்கே மாத்தித் தாறன். தராட்டில், தண்ணி இல்லையெண்டு நான் எழுதிக் குடுக்கத்தான் வேணும். தந்தாலும், இவ்வளவு நாளும் பூட்டிக் கிடந்ததை எழுதத்தான் வேணும்."

"எழுது" என்றீர்கள். "எழுதிப்போட்டு என்ர வீட்டு வாசல் மிதியாதை."

நீங்கள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திறப்பு இருந்த பொக்கற்றை உங்கள் கை மூடிக்கொண்டிருந்தது. நான் போகவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. எங்கள் இரண்டு பேருடைய மூச்சும் அந்தக் குளிரில் புகையாகப் போனது.

அப்போது மெஷின்களின் சத்தம் நின்றது.

ஒவ்வொன்றாக அல்ல, ஒரேயடியாக. அக்கா மெயின் சுவிட்சை நிறுத்தியிருந்தா. படிகளில் காலடி கேட்டது. பெண்கள் கோட்டைத் தோளில் போட்டபடி இறங்கி, எங்களைப் பார்க்காமல் முற்றத்துக்குப் போனார்கள். அடுப்புகளை அணைத்துவிட்டுக் கடைசியாக அக்கா வந்தா. படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா. உங்களிடமும் நியாயம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை.

"தண்ணி வந்தாப் பிறகு கூப்பிடுங்கோ" என்றுமட்டும் சொல்லிவிட்டு வெளியே போய், அந்தப் பெண்களோடு குளிரில் நின்றா.

நீங்கள் திறப்பை எடுத்து நிலத்தில் போட்டுவிட்டு, மூட்டை ஏற்றும் வானை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

வெடித்த துண்டை மாற்றி, குழாயைச் சுற்றிக் குளிர்காப்பும் கட்டிவிட்டு, வால்வை மெல்ல மெல்லத் திறந்தேன். தண்ணீர் குழாய்க்குள் ஓடும் இரைச்சல் கீழிருந்து மேலே ஏறியது. மணி அடித்ததும் முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாள் கொம்பனிக்கு உள்ளதை எழுதிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ்காரர் உங்கள் கட்டணத்தைக் கூட்டினார்கள்.

அதன் பிறகு நீங்கள் என்னோடு பேசவில்லை. பேசாதது பரவாயில்லை. "காட்டிக் குடுத்தவன்" என்று சொந்தக்காரர் வீடுகளில் சொன்னீர்கள். ஊரில் அந்தப் பெயருக்கே ஆட்களைச் சுட்ட அந்தக் காலத்தில், எங்கள் ஆட்களுக்குள், அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று உங்களுக்குத் தெரியாததா? தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கலியாண வீட்டில், நான் உட்கார்ந்த பந்தியில் இருந்து நீங்கள் எழுந்து போனீர்கள். மகளின் பிறந்தநாளுக்கு அக்கா தனியாக பஸ்ஸில் வந்தா. நீங்கள் ஏன் வரவில்லை என்று மகள் கேட்டாள். "மாமாவுக்கு வேலை" என்று அக்கா சொன்னா. பிள்ளைக்குத் தெரிந்துதான் இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஸ்டோரில் நெருப்பு வரவே இல்லை. வரக் கூடாதென்றுதான் நான் வேண்டினேன். ஆனால் வராத ஒவ்வொரு ஆண்டும், குடும்பத்துக்குள் நான் வீணாகக் குழப்பம் செய்தவனாகவே இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், டூட்டிங்கில் எங்கள் கடைக்காரர், ஸ்டோர்காரர் கூடிய ஒரு ஞாயிறு பின்னேரம். தமிழ் தெரிந்தவன் என்று கொம்பனி என்னைப் பராமரிப்பு விதிகளை விளக்க அனுப்பியது. தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தார்கள். நான் பேசப் பேச, கதிரைகள் இழுபடும் சத்தம்தான் கேட்டது.

முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். "தம்பி, இது உங்கட கொம்பனி உழைக்கிற வழிதானே?"

"இவ்வளவு காலமும் எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்றார் இன்னொருவர். "ஏதும் பிழை எண்டால், சொந்தக்காரர் எண்டும் பாராமல் போய்ச் சொல்லுவியள். அப்பிடித்தானே?"

சிரிப்பு எழுந்தது. சில தலைகள் பின்னால் திரும்பின. அப்போதுதான் கடைசி வரிசையில் உங்களைக் கண்டேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பேருக்கு முன்னால் என்ன சொல்லப் போகிறீர்களோ என்று பயந்தேன்.

"அந்தச் சொந்தக்காரன் நான்தான்" என்றீர்கள். "காட்டிக் குடுத்தவன் எண்டு ஊரெல்லாம் சொன்னதும் நான்தான். வால்வைப் பூட்டினது நான். மேலை பொம்பிளையள் இருந்தவை. அதிலை ஒருத்தி என்ர மனிசி. எனக்கு நனைஞ்ச மிளகாய் மட்டும்தான் கண்ணிலை தெரிஞ்சது."

நீங்கள் யாரையும் பார்க்காமல் தொடர்ந்தீர்கள்.

"அண்டு தொடக்கம் அவ தன்ர மேசையைப் படிக்குப் பக்கத்திலை இழுத்துப் போட்டிருக்கிறா. மூலையிலை இருக்கிறேல்லை. ஏனெண்டு நான் கேக்கேல்லை, அவ சொல்லவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த மேசையைத் தாண்டித்தான் நான் மேலை போறன். நெருப்பு வரேல்லைத்தான். வராதபடியால் நான் செய்தது சரியெண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

உட்கார்ந்துவிட்டீர்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரர், வால்வை எப்படிக் கட்ட வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

வெளியே மழை தூறியது. பஸ் தரிப்பில் வந்து என் பக்கத்தில் நின்றீர்கள். மண்டபத்தில் சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பஸ் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வீட்டை வா. அக்கா கணவாய்க் கறி வைச்சிருக்கிறா" என்றீர்கள். "ஓம் அத்தான்" என்றேன். சாப்பிடும்போது உங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து கறியை அள்ளி என் சோற்றில் போட்டீர்கள். அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றா.

அதன் பிறகு நாங்கள் எவ்வளவோ பேசினோம். வால்வைப் பற்றி மட்டும் பேசவில்லை. கடைசியாக நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோதும், அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ கட்டடச் சொந்தக்காரருக்கு விதிகளை ஒப்படைத்தேன். அவர்களில் எப்போதும் ஒருவர் சொல்லுவார், "இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று. விதியை மறுபடி வாசித்துக் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். நெருப்பு வராதபடியால் தான் செய்தது சரியென்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லுவேன். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள். தமிழரிடம் தமிழிலும், வெள்ளைக்காரரிடம் அவர்கள் மொழியிலும் சொன்னேன். மண்டபத்தில் எல்லோருக்கும் நீங்கள் சொன்ன அந்த வசனத்தை எனக்கென்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் யார் அந்த ஆள் என்று கேட்டவர்களுக்கு, என் அத்தான் என்று சொல்ல நான் தயங்கியதே இல்லை.