காதோரம் சொன்ன படம்

ஜூன் 9, திங்கள்

விடியலில் தூறல். மாவு பொங்கவில்லை.

இவர் இன்றும் கட்டிலை விட்டு எழவில்லை. சர்க்கரை இரண்டு கண்களையும் கொண்டுபோனதிலிருந்து இப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரசு பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்தவர், இப்போது வாசற்படி தாண்ட மாட்டேன் என்கிறார். வாசித்துக் காட்டலாம் என்று புத்தகம் எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் குறட்டை.

“உங்களுக்கு என்னதான் வேணும்?” என்றேன்.

“சினிமாவுக்கு இட்டுகினு போ.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பார்த்தசாரதி சாரிடம் சொன்னேன். கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். “கண்ணு தெரியறவங்களுக்கே அது வீண் பொழுது, டீச்சர். அடிதடி, குத்துப்பாட்டு. அதெல்லாம் கலையா?”

நானும் வகுப்பில் அப்படித்தான் பேசியிருக்கிறேன். இன்று ஏனோ வாய் வேறு பக்கம் போனது. “நம்ம ஊர் தபசுப் பாறைச் சிற்பத்தைப் பாருங்க சார். அத்தனை தேவர்கள், அவ்வளவு பெரிய யானைகள். நடுவுல ஒரு பூனை, கையைத் தூக்கிக்கிட்டுத் தவம் பண்ணுது. காலடியில எலிகள். கூட்டம் சிரிக்கணும்னுதானே செதுக்கியிருப்பான்? பூனையை எடுத்துட்டா பாறை உசந்துடுமா?”

“அது கல்லு, டீச்சர். இது பாப்கார்ன்.”



ஜூன் 13, வெள்ளி

போனோம். செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் இவர் உடம்பு முதலில் சாய்ந்தது. வண்டி பிறகுதான் சாய்ந்தது.

தியேட்டரில் காதோரம் சொல்ல ஆரம்பித்தேன்: “கதாநாயகன் ஆத்திரத்தில் அறிவிழக்கிறான். பின்னால் வருந்துவான்.”

“பொழிப்புரை வாணாம், டீச்சரம்மா. கண்ல இன்னா படுதோ அத்த சொல்லு.”

கண்ணில் என்ன படுகிறது? அதற்குப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் சினிமாவுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன், பார்த்திருக்கிறேனா?

“ஈரக் கூரை. ஓட்டை வழியா ஒரு கோடு வெளிச்சம். அதுல அவன் கை மட்டும் தெரியுது. விரல் நடுங்குது.”

இவர் மூச்சு மெல்ல மாறியது. தூங்கும் குழந்தை கனவுக்குள் போவது போல.

இடைவேளைக்குப் பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல். “யோவ், கண்ணு தெரியாதவன் இன்னாத்துக்கு சினிமாவுக்கு வர? வூட்ல குந்தி ரேடியோ கேளு!” நாலு பேர் சிரித்தார்கள்.

இவர் எழுந்துவிட்டார். பாதியில் திரும்பினோம். எந்த வளைவிலும் உடம்பு சாயவில்லை.

ஜூன் 14

தட்டில் வைத்த இட்லி அப்படியே இருந்தது.

ஜூன் 16

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இனி எங்கும் கூப்பிடாதே என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

ஏன் கூட்டிக்கொண்டு போனேன்? அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? எத்தனை வகுப்பை அதட்டின வாய், அன்னிக்குன்னு பார்த்து ஒட்டிக்கிச்சே. இவர் இப்படியே படுத்துவிட்டால் — எழுத வரவில்லை.

ஒன்று செய்யலாம். பாடக்குறிப்பு இல்லாமல் நான் வகுப்புக்குப் போனதில்லை. அந்தப் படத்தை முதலில் நான் தனியாகப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டிலேயே முழுதாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

வங்கிக்கு என்று பொய் சொல்லிவிட்டுக் காலைக் காட்சிக்குப் போனேன். கூட்டமே இல்லை.

அசட்டுத்தனம் நிறைய. ஒருவனை உதைத்தால் மூன்று பேர் பறக்கிறார்கள். சாகக் கிடக்கும் அம்மா மூச்சு வாங்காமல் பேசுகிறாள். ஆனால் ஒரு பாட்டு வருகிறது. விடியாத வேளை, உப்பளம். பெண்கள் வரப்பில் நடந்து போகிறார்கள். அவர்கள் நிழல்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நடக்கின்றன. பிறகு பெண்கள் திரையைத் தாண்டிப் போய்விட்டார்கள். நிழல்கள் மட்டும் இன்னும் நடந்துகொண்டே இருந்தன. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே நினைவில் இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண் என் தோளைத் தட்டினாள். “யார்கிட்டமா பேசிகினு கீற?”

உதடு அசைந்திருக்கிறது! “வீட்டுக்காரர்கிட்ட” என்றேன்.

எனக்கு மறுபக்கம் இருந்த காலி இருக்கையைப் பார்த்தாள். “செத்துட்டாரா?”

“ஐயையோ, இல்லம்மா. வீட்ல இருக்காரு.” எல்லாவற்றையும் சொன்னேன்.

“அத்தினிதானா? இட்டுகினு வா. அந்தாண்ட நான் குந்திக்கிறேன். எவன் வாயத் தொறக்கறான்னு பாத்துக்கலாம்.” ரஞ்சிதாவாம். எங்கள் ஊர்க் குப்பத்தில் மீன் வியாபாரம். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். உப்பளம் வந்ததும் புரண்டு என் பக்கம் படுத்தார்.

“தண்ணி இன்னா நெறம்?”

யோசித்தேன். “சங்கைக் கவுத்துப் பாத்தா உள்பக்கம் இருக்குமே, அந்த நிறம்.”

வெளியே கடல் கேட்டது. பிறகு திடீரென்று, “பேங்குக்குப் போனேன்னியே?”

“சினிமாவுக்குத்தான் போனேன்.”

“என்னிய உட்டுட்டா?” எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பாட்ட நான் கேக்க வாணாமா?”

ஜூன் 24, செவ்வாய்

தியேட்டரில் ரஞ்சிதா முறுக்குப் பொட்டலத்தோடு வந்து இவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். “அண்ணாத்த, எனக்கும் சேத்து சொல்லச் சொல்லு. கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன்.” இவர் உரக்கச் சிரித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

உப்பளப் பாட்டு தொடங்கியது. நான் வாயெடுத்தேன். இவர் என் கையை அழுத்தினார். பேசாதே.

பாட்டு முடியும்வரை மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 6, ஞாயிறு

கறிவேப்பிலை வாங்கப் புறப்பட்டேன். வீட்டில் இவரைக் காணோம். சுவரைத் தடவிக்கொண்டே தெருமுனை டீக்கடைவரை தனியாகப் போயிருக்கிறார். எதிரில் பார்த்தசாரதி சார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“…கடைசியா போற பொண்ணு திரும்பறா, சார். மொகம் தெரில. மூக்குத்தி மட்டும் ஒரே ஒரு தபா மின்னுது. நான் பாத்தேன்.”

“அப்புறம்?” என்றார் சார்.

நின்றுவிட்டேன். அந்தப் பாட்டில் மூக்குத்தி கிடையாது. யாரும் திரும்பவும் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. திருத்த வேண்டும் என்று வாய் பரபரத்தது. செருப்புச் சத்தம் இவருக்குக் கேட்டுவிடாமல் பக்கத்துச் சந்தில் திரும்பினேன்.

கிடையாது என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். படம் இன்னும் ஓடுகிறதா என்று ரஞ்சிதாவைக் கேட்கணும்.