சொகுசு அறையில் இருவர்

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

கப்பல் கிளம்பும்போது நீங்கள் இருவரும் பால்கனியில் நின்ற படத்தை இத்தனை நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கையசைக்கிறார், நீ அசைக்கவில்லை என்று உன் மாப்பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னார். வெயில் முகத்தில் அடித்திருக்கும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

நீதான் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சொகுசு அறை எடுத்தது தண்டச் செலவு என்று இவர் இன்னும் முணுமுணுக்கிறார். "எந்த அறையில படுத்தாலும் அதே கடல்தானே" என்கிறார். போதாக்குறைக்கு, என் க்ளினிக்குக்குப் பல் கட்ட வரும் ஒரு அம்மாள், கணவரோடு அதே கப்பலில் போகலாமா என்று யோசிக்கிறாராம். "உங்கம்மா வந்து என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க டாக்டர்" என்றார். அதனால் மறைக்காமல் எழுது. கொடுத்த காசுக்குத் தகுமா?

நம் பழைய வீட்டை வாங்கியவர்களிடம் சாவியை ஒப்படைத்துவிட்டேன். இங்கே உங்களுக்காகக் கட்டும் மேல்மாடியும் முடியப் போகிறது. கப்பலில் இருக்கிற மாதிரியே ஒரே பெரிய அறை, பால்கனி, உள்ளேயே குளியலறை. இறங்கியதும் நேரே வந்துவிடலாம்.

போனில் கூப்பிட்டால் 'ம்', 'ம்' என்று சொல்லியே முடித்துவிடுகிறாய். நீ எழுதிக் கொடுத்தால் கப்பல் வரவேற்பறையில் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். நான் எழுதுவதை அச்செடுத்து உன்னிடம் தருவார்கள். பேசிவைத்திருக்கிறேன்.

உன் பாப்பா

*

ஜூன் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. தலைவலி என்று நீ மாத்திரை போடுவதைக் குறைத்துக்கொள். எத்தனை பேர் வாயைத்தான் ஒரு நாளில் பார்ப்பாய்.

அறை நம் பழைய வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது. இதற்கு 'ஸ்வீட்' என்று பெயராம். எங்கள் இருவருக்குமென்று வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பணியாள் இருக்கிறார். வந்த அன்றே பெட்டியைத் திறந்து என் உள்ளாடைகளைக்கூட மடித்து அடுக்கிவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது.

உன் அப்பா பெருமையாக இருக்கிறார். "காசைக் குடுத்துட்டுக் கூட்டத்துல தட்டைத் தூக்கிட்டு நிக்கணுமா?" என்று மூன்று வேளையும் அறைக்கே வரவழைக்கிறார். பணியாள் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு எந்த சூப்?" என்று கேட்பார். "அவளுக்கு எதுன்னாலும் சரி" என்று இவர் சொல்வார். நேற்று அந்தப் பிள்ளை இவரை விட்டுவிட்டு என்னிடமே இரண்டாம் தடவை கேட்டார். நான் திரும்பி உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

கீழ்த்தளத்தில் பாட்டும் சீட்டாட்டமும் நடக்கின்றன. பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் மாடிப்படி வழியாக மேலே வருகிறது. ஒரு எட்டுப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டேன். "யார் யாரோ இருப்பாங்க" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் யார் யாரோடோ பேசித்தான் நான் வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்கினேன். அவருக்கு அது மறந்துபோயிற்று.

தகுமா என்று கேட்டாய். மெத்தை நன்றாக இருக்கிறது.

அவர் எழுந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அம்மா

*

ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

மெத்தை நன்றாக இருக்கிறதா? அவ்வளவுதானா?

இந்தப் பயணத்துக்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட க்ளினிக்கைத் திறந்து வைத்தேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, சந்தோஷமாக இரு என்றுதான் கேட்டேன். எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதில் ஒரு முடியைக் கண்டுபிடித்துவிடுகிறாய்.

அப்பா சாப்பாட்டை அறைக்கு வரவழைக்கிறார் என்றால், 'நான் கீழே போய்ச் சாப்பிடுகிறேன்' என்று அவரிடம் சொல். அதை எனக்கு எழுதி என்ன ஆகும்? நான் என்ன நடுக்கடலுக்கு நீந்தி வந்து உனக்காகச் சண்டை போடவா? நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே கதை. எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே அப்பாவைப் பற்றிச் சொல்வாய். "அதை அவர்கிட்டயே சொல்லேம்மா" என்றால் "விடு" என்பாய். அவர் மேல் இருக்கிற கோபமெல்லாம் என் பின்னலில் இறங்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நெற்றிப்பொட்டு வலிக்கும்.

சொகுசு அறைக்காரர்களுக்கு மட்டும் கேப்டன் ஒரு விருந்து கொடுப்பாராம். அதற்காவது நல்ல உடை உடுத்திக்கொண்டு போ. நாலு பேரோடு பேசு. வாயைத் திறந்து பேசினால் எல்லாம் சரியாகும்.

உன் மகள்

*

ஜூன் 12

பாப்பாவுக்கு,

இதை வேறு அறையிலிருந்து எழுதுகிறேன். கப்பலின் நடுவில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மடக்கு மேஜை, ஒரு விளக்கு. கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம். இதில் நான் மட்டும் இருக்கிறேன்.

வாயைத் திறந்து பேசு என்று எழுதியிருந்தாய். வருகிறவரை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவள் நீ, சுலபமாகச் சொல்லிவிட்டாய். திறந்தேன். என்ன ஆயிற்று என்று கேள்.

விருந்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு கண் டாக்டரின் மனைவி. "நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். உன் அப்பாவை விட்டு என்னிடம் கேட்டாள். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துக் கிடங்கில் தீப்பிடித்த நாளைச் சொல்ல ஆரம்பித்தேன். புகை உள்ளே வந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். நாங்கள் மூன்று பெண்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்புக்கும் லைன் போட்டுக்கொண்டே இருந்தோம். மேஜையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அப்போது உன் அப்பா மேஜைக்கு அடியில் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடி உனக்குத் தெரியும், நீ பார்த்திருக்கிறாய். அழுத்திக்கொண்டே அவர்களிடம் சிரித்தபடி சொன்னார்: "அதெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லைங்க. ஒயரைச் சொருகுவா, பிடுங்குவா. அதுக்கு ஒரு சம்பளம்."

எல்லோரும் சிரித்தார்கள். பழக்கத்தில் நானும் சிரித்தேன். என் சிரிப்பை என் காதால் கேட்டபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். "எங்க போற?" என்றார். "கீழ" என்றேன்.

வரவேற்பறையில் இருந்த பெண், "அறையில ஏதாவது பழுதாம்மா?" என்று கேட்டாள்.

"அறை நல்லா இருக்கு. எனக்குத் தனியா ஒண்ணு வேணும்."

"உள்பக்கத்து அறைதான் காலியா இருக்கு. கடல் தெரியாது, பரவாயில்லையா?"

"உள்ளேருந்து பூட்டலாமா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பூட்டலாம் என்றாள். என் பென்ஷன் பணத்தில் எடுத்துக்கொண்டேன். உன் காசு ஒன்றும் வீணாகவில்லை, அவர் அங்கேதான் இருக்கிறார்.

மறுநாள் காலையில் வந்து கதவைத் தட்டினார். "மானத்தை வாங்காத, வெளிய வா" என்றார். நான் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் பிரஷர் மாத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டார். "பெட்டியோட பக்கப் பையில" என்றேன். போய்விட்டார். நாற்பது வருஷத்தில் எங்களுக்குள் மிஞ்சியது அந்தக் கேள்வியும் பதிலும்தான்.

பகலில் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டேன். எதிரே ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் தங்கையும். பேச்சுவாக்கில் அந்தத் தீப்பிடித்த கதை வந்தது. உன் அப்பா வழக்கமாக என்னை நிறுத்துகிற இடம் வந்ததும் நானே நிறுத்திவிட்டேன். டிரைவர் ரொட்டியைக் கையில் பிடித்தபடி, "அப்புறம்?" என்றார். அப்புறம் என்ன என்று நான் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இடத்தைத் தாண்டி அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உன்னிடம்கூட.

பல் கட்ட வரும் அம்மாளிடம் சொல்லிவிடு: கூட இருக்கிற மனுஷனோடு பேச்சு இருந்தால் அந்த அறையைத் தாராளமாக எடுக்கட்டும், ராஜபோகம்தான். வீட்டிலாவது எனக்கு ஒதுங்க அடுப்படி இருந்தது, மாடி இருந்தது, காய்கறிக் கடைக்குப் போகிற வழி இருந்தது. அங்கே எதுவும் இல்லை. எல்லா வேலையையும் வேறொருவர் செய்துவிடுகிறார். எதிரே அவர், பின்னால் கடல்.

உன் மேல்மாடிக்கு நான் வரமாட்டேன். அவரோடு ஒரே அறையில் இனி இருக்கமாட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

அம்மா

*

ஜூன் 13

அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அப்பா கூப்பிட்டுவிட்டார். "உங்கம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு" என்று கத்தினார். க்ளினிக்கில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

நாற்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தாய். நான் வீட்டை விற்று, கடன் வாங்கி, மேலே ஒரு மாடி எழுப்பி, பால்கனிக்குக் கதவு மாட்டுகிற அன்றைக்குத்தான் உனக்கு ரோஷம் வர வேண்டுமா? விற்பதற்கு முன் சொல்வதற்கென்ன? உன்னிடம் கேட்டுத்தானே எல்லாம் செய்தேன். "உன் இஷ்டம்" என்று நீதானே சொன்னாய்.

அவருக்கு வெந்நீர் போடத் தெரியாது. தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. நீ பாட்டுக்குத் தனியாகப் போய்விட்டால் யார் பார்ப்பது? நானா? காலையிலிருந்து இருட்டும்வரை அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நின்றுவிட்டு வந்து, அவர் முன்னால் நான் நிற்கவா? அவரை என் தலையில் கட்டிவிட்டு நீ பஸ் டிரைவரோடு கதை பேசிக்கொண்டிருப்பாயா?

மரியாதையாக மேலே அப்பாவிடம் போ. போக முடியாது என்றால் இங்கே வராதே.

*

ஜூன் 14

மகளுக்கு,

பஸ் டிரைவரைப் பற்றி எழுதியதை நீ எழுதாததாக வைத்துக்கொள்கிறேன்.

இப்போதுதான் உள்ளதை எழுதியிருக்கிறாய். அவரை யார் பார்ப்பது என்று உனக்குப் பயம். அதற்குத்தான் அந்த மாடி. கட்டில், விசிறி, அலமாரியோடு என்னையும் சேர்த்து அங்கே வைத்துவிட்டால் அவருக்குக் குறை இருக்காது, உனக்கும் தொல்லை இருக்காது. இந்தக் கப்பலும் அப்படித்தான். எங்களை ஓர் அறைக்குள் விட்டு, வெளியே அழகாகக் கடலை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாய்.

நான் சொல்லவில்லை என்கிறாய். "உன் இஷ்டம்" என்று நான் சொன்னபோது என் முகத்தை நீ பார்க்கவில்லை. பெயின்ட் கலர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வராதே என்றாய். வரவில்லை. என்னோடு எக்ஸ்சேஞ்சில் இருந்த தோழி துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள். அவள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வாடகைக்கு ஓர் இடம் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

அம்மா

*

ஜூன் 17

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் போனிலிருந்து அழித்தேன். பிறகு அழித்ததைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். அப்போதும் கோபம்தான் வந்தது.

நேற்று அப்பா திரும்பக் கூப்பிட்டார். நாற்காலியில் ஒரு ஆளுக்கு வாய் மரத்துக் கிடந்தது. உதவிக்கு இருக்கிற பெண் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொல்றதையும் கொஞ்சம் கேளுங்கப்பா" என்று ஆரம்பித்தேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு. பல்லைப் பிடுங்குறவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்? மாப்பிள்ளைகிட்டப் போனைக் குடு" என்றார். உதவிப் பெண் குனிந்துகொண்டாள். நான் "சரிப்பா" என்றேன். என் வாயில் அது எத்தனை லகுவாக வந்தது தெரியுமா? அந்த மனுஷனை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே போய், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்றேன்.

அங்கிருந்தே அவரைக் கூப்பிட்டேன். "அப்பா, மேல்மாடிக்கு நீங்க மட்டும்தான் வரப்போறீங்க. வெந்நீர் நீங்களே போட்டுக்கணும். என்கிட்டப் பேசுறதா இருந்தா என்கிட்டப் பேசுங்க, இவர்கிட்டக் குடுன்னு சொல்லாதீங்க" என்றேன். "உங்கம்மா புத்தி உனக்கும் வந்துடுச்சு" என்றார். "வரட்டும்" என்றேன். வைத்துவிட்டார். இவரிடம் சொன்னபோது, கெட்டிலை எப்படிப் போடுவது என்று மாமாவுக்குத் தான் சொல்லித்தருவதாகச் சொன்னார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

இதனால் உன் மேல் உள்ள கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இத்தனையும் தெரிந்துகொண்டே நீ என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்து வளர்த்தாய். எனக்கென்று ஒரு அப்பாவைப் பார்க்கவிடாமல், தலை பின்னும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, நீ பார்த்த மனுஷனையே எனக்கும் காட்டினாய். அதை நான் மறக்கப் போவதில்லை. டிரைவரைப் பற்றி எழுதியது தப்பு. அது ஒன்றுக்கு மட்டும் மன்னித்துவிடு.

துறைமுகத்துக்கு இரண்டு வண்டி வரும். இவர் அப்பாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இன்னொன்றில் நான் இருப்பேன். உன்னை உன் தோழி வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்காதே.

வழியில் நான் பேசமாட்டேன். பேசினால் சண்டைதான் வரும். வேண்டுமானால் நீ பேசிக்கொண்டு வா. தூரம் அதிகம்தான்.

உன் மகள்