ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்த கார்

மார்ச் 4, செவ்வாய்

லேபில் இன்று நாலு பல் செட். கை மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தது. மனசு வீட்டு மேசைமேல் காயும் சிவப்பு பிளாஸ்டிக் குட்டி வேனின் பம்பரில். முன்பல் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். முதலாளி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்தப் பெரியவர் சிரிச்சா ஊரே சிரிக்குமே” என்றார். பிடுங்கி மறுபடி பதித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பம்பரை ஒட்டினேன். பல் சுரண்டும் ஊசிதான் எனக்கு எல்லாவற்றுக்கும். பசையை அதன் நுனியில் தொட்டு வைத்தால் துளி பிசகாது. இவர் கதவில் சாய்ந்து நின்று, “அடுத்தவங்க பீரோவுல நகை இருக்கும். நம்ம பீரோவுல பார்க்கிங் இருக்கு” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே ஜோக். நானும் அன்றிலிருந்து முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கட்டி முடித்த குட்டிக் கார்கள் நாற்பத்து மூன்று. பிரிக்காத பெட்டி ஒன்று. அதைப் பற்றி இன்று வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

பஸ்ஸில் ஜன்னலோரம். போகிற காரையெல்லாம் மனசுக்குள் பாகம் பாகமாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே வந்தேன். கதவு, கண்ணாடி, சீட், சக்கரம். ஓட்டுகிறவர்களை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கண்ணாடிக் கடைக்காரர் வந்திருந்தார். தெருமுனையில் மூக்குக் கண்ணாடி விற்கிறவர். என்னைப் போலவே, பாகங்களை ஒட்டிக் கட்டும் பழைய பிளாஸ்டிக் கார் கிட் பைத்தியம். இந்த வியாதி இங்கே வேறு யாருக்கும் இல்லாததால் பெட்டி மாற்றிக்கொள்வதும் சண்டை போடுவதும் எங்கள் இருவருக்குள்ளேதான். இன்று ஒரு பழைய பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல உட்கார்ந்தார்.

திறந்தேன். நாலு டயரில் இரண்டு, முன்கண்ணாடிப் பாகத்தின்மேல் படிந்து, அதற்குள்ளேயே அமிழ்ந்துபோயிருந்தன. பிய்த்தால் கண்ணாடியில் வட்டமாக டயரின் தடம்.

“அந்தக் காலத்து டயரும்மா. பாத்தா ரப்பர் மாதிரி இருக்கும், ரப்பர் இல்ல. அதுலேர்ந்து ஒரு எண்ணெ கசிஞ்சுக்கிட்டே இருக்கும். கண்ணாடி மேல பட்டுதுன்னா அப்படியே தின்னுடும். பெட்டியத் தெறந்து தனித்தனியா வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும். எவனோ மகராசன், முப்பது வருஷமா சீல் பிரிக்காம பத்திரமா வெச்சிருக்கான்.”

எந்தக் கம்பெனி என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். என் பிரிக்காத பெட்டியின் அதே கம்பெனி.

அவருக்குக் காபி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சரி. எழுதித்தான் ஆக வேண்டும்.

பீரோவின் மேல்தட்டில், அம்மாவின் கம்பளிக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. செலோபேன் தாள் கிழியாமல் அப்படியே. மேலே கரும்பச்சை நிறத்தில் நாலு கதவுக் கார் படம். அப்பா டிரைவராக ஓட்டிய ஆபீஸ் வண்டியும் அதே மாடல், அதே பச்சை. எங்களுக்குச் சொந்தமாகச் சைக்கிள்கூட இருந்ததில்லை. அப்பா ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் பெட்டியோடு வந்து, “இந்தா, நம்ம வண்டி. ஞாயித்துக்கெழம மூணு பேரும் உக்காந்து ஒட்டலாம். அதுவரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது” என்றார். எனக்குப் பதின்மூன்று, தம்பிக்குப் பத்து.

சனிக்கிழமை சவாரி போனவர் வரவில்லை. மாரடைப்பு. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் செத்துப்போயிருக்கிறார். வண்டியில் ஒரு கீறல் இல்லை என்று எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை. அது பெட்டிக்குள்தான் இருக்கிறது. கிறுக்குத்தனம்தான்; ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிக்காத வரைக்கும் அப்பா சொன்ன நாள் முடிந்துபோகவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு அம்மா போன பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது தம்பி பெட்டியைப் பிரித்துக் கட்டலாம் என்றான். நான் விடவில்லை. வாய் தடித்தது. “உனக்கு அப்பாவ விட சீல்தான் முக்கியம்” என்று சொல்லிவிட்டுப் போனவன், இன்றுவரை என்னோடு பேசவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

விடிந்ததும் எழுதிவிடுகிறேன், மறந்துபோகும். கனவில் பெட்டிக்குள் இருந்தேன். அட்டைச் சுவர்கள். செலோபேன் வழியாகத் தேன்நிற வெளிச்சம். பெயின்ட் அடிக்காத சாம்பல் காரில் அப்பா முன்சீட்டில். நானும் தம்பியும் பின்னால், சீட் ஒட்டாததால் வழுக்கி வழுக்கி விழுந்து சிரிக்கிறோம். “அப்பா, ஸ்டீயரிங் எங்கப்பா?” என்றேன். “ஞாயித்துக்கெழம ஒட்டலாம்மா” என்றார். திரும்பவேயில்லை. அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் காற்று.

மார்ச் 12, புதன்

பெட்டியை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

பத்தாம் தேதி பொய் எழுதியிருக்கிறேன். எனக்கு நானே எழுதும் நோட்டில் எனக்கே பொய். வெட்கமாக இல்லையாடி உனக்கு?

நடந்தது இது. சின்ன வயசிலிருந்து நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியை மெல்லக் குலுக்கிப் பார்ப்போம். உள்ளே கலகலவென்று சத்தம் வரும். அதற்கு நடுவே தொம் தொம் என்று டயர்கள் உருளும். அன்று அம்மா வீட்டில் தம்பி பெட்டியைக் கையில் எடுத்து, பழக்கத்தில் குலுக்கினான். முகம் மாறியது. “அக்கா, டயர் உருளல. உள்ள என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. தெறந்து பாத்துரலாம்க்கா” என்றான். அவன் கட்டிப்பார்க்கும் ஆசையில் கேட்கவில்லை, காப்பாற்றக் கேட்டான். நான்தான் வெடுக்கென்று பிடுங்கி, “சாக்கு சொல்லாதடா” என்றேன். இருபத்தைந்து வருஷமாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவனிடம் நான் வண்டி பற்றிச் சொன்னேன்!

அன்றைக்கே என் காதுக்கும் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன அந்த மகராசன் நான்தான்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி பொண்டாட்டியோடு மட்டும் போனில் பேச்சு உண்டு, அவனுக்குத் தெரியாமல். இன்று விஷயத்தைச் சொன்னேன். “அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. நீங்க போன் பண்றது அவருக்கு ஆறு வருஷமா தெரியும். போன வெச்சதும் ‘நல்லா இருக்காங்களா’ன்னு கேப்பாரு. அவ்வளவுதான் கேப்பாரு” என்றாள்.

சமையலறையில் நின்று அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டு ஜோக் எதுவும் அடிக்கவில்லை. தட்டுகளை எல்லாம் அவரே கழுவினார்.

மார்ச் 19, புதன்

தனியாகப் பிரிக்க மாட்டேன். இனி அந்தத் தப்பையும் சேர்த்துச் செய்ய மாட்டேன்.

மதியம் அவன் ஷெட்டுக்கு போன் போட்டேன். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். எடுத்தான். பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.

“நான்தாண்டா.”

இரைச்சல் நின்றது. அணைத்திருக்கிறான்.

“சொல்லுக்கா.”

ஆறு வருஷமாக யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ. “டயர் உருளலடா” என்றேன்.

“தெரியும்க்கா” என்றான். பிறகு, “ஞாயித்துக்கெழம வரேன்.”

மார்ச் 23, ஞாயிறு

வந்தான். தலை நரைத்து, காதோரம் வெள்ளை பெயின்ட் தூசி வேறு. எது நரை, எது பெயின்ட் என்று தெரியவில்லை. இவர், “வாங்க மாப்ள, ஒரு வழியா பார்க்கிங்ல எடம் கெடச்சுதா?” என்றார். மூவரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

பெட்டியை மேசைமேல் வைத்து அவனிடம் பிளேடைக் கொடுத்தேன். “நீயே பிரி” என்றான். “நீ பிரி” என்றேன். கடைசியில் நான் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, அவன் செலோபேனைக் கீறினான். அது காய்ந்த சருகாக உடைந்து விழுந்தது. அப்பாவின் வாசம் வரும் என்று நினைத்தேனோ என்னவோ. பிளாஸ்டிக் வாசம்தான் வந்தது.

நாலு டயரும் முன்கண்ணாடியில் பதிந்து கிடந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. மற்றதெல்லாம் புத்தம் புதிது. பம்பர்கூட முகம் பார்க்கலாம் போல மின்னியது.

“நீ அன்னிக்கே சொன்னேடா. எனக்கும் கேட்டுச்சு. கேட்டுட்டேதான் உன் மேல பழி போட்டேன். என்ன மன்னிச்சுரு” என்றேன். எழுத்தில் சுலபமாக இருக்கிறது. வாயில் வர மதியம் ஆனது.

கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “அம்மா இருக்கும்போதே தின்னு முடிச்சிருக்கும்க்கா. அன்னிக்குத் தெறந்திருந்தாலும் இதேதான்” என்றான்.

பொய். கண்ணாடியில் பாதியாவது தப்பியிருக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னான். கெட்டுப்போன கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டயரைச் சுத்தம் செய்தால் ஓடுமாம்.

மார்ச் 25, செவ்வாய்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு லேபில் உறை செய்வோம். தெளிவான தகட்டைச் சூடாக்கி, பிளாஸ்டர் அச்சின்மேல் போட்டு, காற்றை உறிஞ்சினால் அப்படியே படியும். காருக்குப் புது முன்கண்ணாடி செய்ய, அதன் முன்பக்கத்துக்கு அச்சு எடுத்து மதிய இடைவேளையில் அதே இயந்திரத்தில் வைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். “யாருக்கும்மா இது? வாய் இவ்ளோ அகலமா இருக்கு?”

“எங்கப்பாவுக்கு சார்” என்றேன்.

மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. இடுக்கியால் பிடித்துக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தேன். அதற்கு அந்தப்பக்கம் லேப் முழுவதும் கொஞ்சம் வளைந்து, தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது. அலமாரியில் வரிசையாகச் சிரிக்கும் பல் செட்டுகள் சாலையோர வீடுகள் போல நகர்ந்தன. நான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

தம்பி சின்ன ஸ்ப்ரே துப்பாக்கியோடு வந்தான். பச்சையை அவனே கலந்தான். பெட்டிப் படத்தைப் பார்க்கவேயில்லை. கொஞ்சம் கறுப்பு, பிறகு ஒரு சொட்டு மஞ்சள், பிறகு கண்ணை மூடி யோசித்து இன்னும் ஒரு சொட்டு. “அப்பா தொடச்சு முடிச்சதும் வெயில்ல இப்படித்தான் இருக்கும்” என்றான். பால்கனியில் வைத்து அடித்தான். தூசி படாமல் செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். காய்ந்ததும் ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்றான்.

ஒரே நாள் வேலையாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

போன் செய்தான். “காஞ்சுதாக்கா?”

“இன்னும் இல்லடா.”

காய்ந்துவிட்டது. நேற்றே காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

“காஞ்சுதா?” “லேசா ஒட்டுதுடா.” பிறகு அவன் முட்டிவலி, என் முட்டிவலி, அவன் மகள் பரீட்சை என்று முக்கால் மணி நேரம். நாற்பத்து மூன்று காருக்கும் யாரிடமும் பொய் சொன்னதில்லை. இதற்கு வாய் கூசாமல் வருகிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றும் ஈரம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையிலேயே வந்துவிட்டான். செருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தான். அவன் அடிக்கும் பெயின்ட்டை ஒரு மணி நேரத்தில் தொடலாம். ஒரு நாளில் கல்லாகிவிடும். அவனிடம் ஒரு வாரமாக ஈரம் என்று கதை விட்டிருக்கிறேன். என்ன துணிச்சல் எனக்கு.

மூடியைத் திறந்தான். வண்டியின் கூரைமேல் ஆள்காட்டி விரலை வைத்தான். நன்றாக அழுத்தினான். விரலைத் திருப்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. என்னையும் ஒரு தடவை பார்த்தான்.

“ஆமாக்கா, இன்னும் ஒட்டுது” என்றான். “அவசரப்பட்டா கைரேக விழுந்துரும்.”

“அதான் நானும் சொன்னேன்” என்றேன்.

இவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது.

வந்ததற்கு ஒரே ஒரு பாகம் மட்டும் ஒட்டலாம் என்று முடிவாயிற்று. எது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நான் ஹேண்ட்பிரேக்கை வெட்டி எடுத்தேன், அரிசியில் பாதிகூட இல்லை. ஊசி நுனியில் பசை தொட்டு இடத்தைக் காட்டினேன். அவன் இடுக்கியால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே இருந்தான். நெடுநேரம் பிடித்திருந்தான்.

பிறகு சாப்பிட்டோம். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தோம். வெயில் மேசைமேல் ஏறி, பச்சைக் கூரையைத் தாண்டி, சுவருக்குப் போயிற்று.

கிளம்பும்போது வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “ஸ்டீயரிங்க ஞாயித்துக்கெழம ஒட்டலாம்க்கா” என்றான். அந்தக் கனவை நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அவன் போன பிறகு பெட்டிக்குள் மீதி இருப்பதை எண்ணினேன். அறுபத்தோரு பாகம்.